பொத்தானை அமுக்கக் காத்திருந்த டால்பின்

திங்கள், கீ லார்கோ

மயாமியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வழி கேட்கும் வேலையே இல்லை, இருப்பது ஒரே சாலை. ஃபுளோரிடாவின் தெற்கே தீவிலிருந்து தீவுக்குப் பாலம் பாலமாகத் தாவிக் கடைசியில் கீ வெஸ்ட் தீவு வரை போகிறது. ஓரத்தில் மைலுக்கு ஒரு சின்னப் பலகை, இந்தப் பக்கம் இடம் சொல்வதென்றால் மைல் எண்ணைத்தான் சொல்கிறார்கள். நான் வந்தது பவளப்பாறை பார்க்கவோ மீன் பிடிக்கவோ இல்லை. டால்பின் எப்படி யோசிக்கிறது, எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று இன்றைக்கு நாம் தைரியமாகச் சொல்லும் பல விஷயங்கள், மனிதர் பராமரிப்பில் இருக்கும் டால்பின்களிடம் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. அதில் முக்கியமான சில சோதனைகள் ஃபுளோரிடாவில் நடந்தவை. வெறும் கட்டுரைகளாகப் படித்ததை இடத்தோடு பொருத்திப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியாயிற்று. தினமும் இரவில் உட்கார்ந்து எழுதுகிறேன், ரொம்பக் கோர்வையாக இருக்காது.

கீ லார்கோ என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சண்டை, அதாவது ஆராய்ச்சியாளர்களுக்குள் நடந்த சண்டை. ஸ்டான் குசாய் என்பவரும் அவருடைய குழுவும் இங்கே வளரும் டால்பின்களிடம் ஒரு பிவிசி குழாயைக் கொடுத்தார்கள். உள்ளே தீனி, இரண்டு முனையிலும் கயிறு. இந்த முனையை ஒன்றும் அந்த முனையை ஒன்றுமாக இரண்டு டால்பின்கள் சேர்ந்து இழுத்தால் மூடி கழன்றுவிடும். இரண்டு டால்பின்கள் இழுத்துத் திறந்தும் விட்டன. 2015-இல் இதை வெளியிட்டு, டால்பின்கள் ஒத்துழைத்துப் புதிரை அவிழ்க்கின்றன என்றார்கள். அடுத்த வருடமே ஸ்டெஃபனி கிங், கெல்லி ஜாக்கோலா முதலானவர்கள் பதில் எழுதினார்கள்: இது ஒத்துழைப்புதானா, இல்லை இரண்டும் குழாய் எனக்கு உனக்கு என்று கயிறு இழுக்கும் போட்டி நடத்தினவா? ஒரே பொருளை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடுங்கினாலும் அது திறக்கத்தானே செய்யும்.

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. காணொளியைப் பார்த்தால் யாருக்கும் "அடடா, என்ன ஒற்றுமை" என்றுதான் தோன்றும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது குழாய் திறந்த செய்தி மட்டும்தான். உள்ளே என்ன ஓடியது என்று தெரிய வேண்டுமானால் கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும். அந்த வேறு மாதிரி எது என்று பார்க்கத்தான் நாளைக்கு மைல் 59-க்குப் போகிறேன்.

செவ்வாய், கிராஸி கீ

வாசலிலேயே பெரிய டால்பின் சிலை, தவறவிட முடியாது. டால்பின் ரிசர்ச் சென்டர் என்ற பெயரில் 1984 முதல் இருக்கிறது, அதற்கு முன்னால் 1958-இலிருந்து மில்டன் சாண்டினி என்ற மீனவர் இதே இடத்தில் டால்பின்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் தொட்டி கிடையாது. கடலோரத்தையே வேலி போட்டுப் பிரித்த குளங்கள், நடுவில் மரப் பலகை நடைபாதை. தண்ணீர் கடல் தண்ணீர்தான், சின்ன மீன்கள் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டிருந்தன. நாள் முழுக்க ஏதாவது ஒரு குளத்தில் பயிற்சி நடக்கிறது, ஒருவர் விளக்கம் சொல்கிறார், நாம் ஓரமாக நின்று பார்க்கலாம்.

சரி, நேற்று எழுதிய அந்த "வேறு மாதிரி" கேள்வி ஒரு பொத்தான் சோதனை. ஜாக்கோலா இங்கேதான் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்து இதைச் செய்தார், கிங்கும் கூட இருந்தார், வெளிவந்தது 2018-இல். குளத்தின் இந்தப் பக்கம் இரண்டு டால்பின்கள், எதிர்ப்பக்கம் தண்ணீருக்கடியில் ஆளுக்கொரு பொத்தான். இரண்டும் நீந்திப் போய்த் தன் தன் பொத்தானை ஒரு நொடி இடைவெளிக்குள் அமுக்க வேண்டும், அப்போதுதான் வெற்றி, அப்போதுதான் மீன். இங்கே பிடுங்கிக்கொள்ளப் பொதுவான பொருள் எதுவும் இல்லை, கயிறும் இல்லை. முதலில் இரண்டையும் ஒன்றாக அனுப்பினார்கள். அது சுலபம், டால்பின்கள் எப்படியும் ஜோடியாக நீந்தும் பழக்கம் உள்ளவை, ஒன்றாகக் கிளம்பினால் ஒன்றாகத்தான் போய்ச் சேரும். விஷயம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது: ஒன்றை முன்னால் அனுப்பிவிட்டு மற்றதைப் பயிற்சியாளர் தன்னிடமே நிறுத்திக்கொள்வார். இடைவெளி 20 நொடி வரை போகும்.

முன்னால் போன டால்பின் என்ன செய்யும்? பொத்தான் மூக்குக்கு முன்னால் இருக்கிறது, அமுக்கினால் மீன் கிடைக்கும் என்று பழகியும் இருக்கிறது. ஆனால் துணை இன்னும் வரவில்லை. ஆரம்பத்தில் தவறுகள் நடந்தன, அப்புறம் அவை காத்திருக்கக் கற்றுக்கொண்டன. துணை வந்து சேர்ந்த பிறகு இரண்டும் அமுக்கிய நேரத்துக்கு நடுவே சராசரி வித்தியாசம் 370 மில்லி நொடி, அதாவது அரை நொடிகூட இல்லை. ஒரு நொடிக்குள் என்று விதி இருக்கும்போது இவ்வளவு நெருக்கமாக அமுக்க வேண்டிய கட்டாயமே கிடையாது.

இதில் 2021-இல் ஒரு பின்குறிப்பும் சேர்ந்தது. அதே மாதிரி வேலையில், அமுக்குவதற்கு முன்னால் டால்பின்கள் விசில் போன்ற சத்தம் எழுப்பிய முறைகளில் வெற்றி அதிகம் என்று அதே குழு எழுதியது. என்ன சொல்லிக்கொண்டன என்பது வேறு விஷயம், "நான் இங்கே இருக்கிறேன்" என்ற அளவில்கூட இருக்கலாம். ஆனால் சத்தத்தை வைத்து வேலையை ஒருங்கிணைத்தன என்பது வரை பிடி கிடைத்துவிட்டது.

இன்று நான் பார்த்த பயிற்சிகளில் பொத்தான் எதுவும் இல்லை. ஒரு தாயும் குட்டியும் இருந்த குளத்தின் பக்கம்தான் ரொம்ப நேரம் நின்றேன். பயிற்சியாளர் தாயிடம் கை காட்டுகிறார், தாய் குதிக்கிறது, குட்டி அரை நொடி தாமதமாகக் கோணல்மாணலாக ஒரு குதி. குட்டிக்கு யாரும் கை காட்டவில்லை, மீனும் கொடுக்கவில்லை. அது பாட்டுக்கு அம்மா செய்ததைச் செய்துவிட்டுப் போகிறது.

புதன், அங்கேயே

இன்றும் மைல் 59. பயிற்சி எப்படி நடக்கிறது என்று முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் "பட்டினி போட்டுச் செய்ய வைப்பார்கள்" என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. டால்பின் சரியாகச் செய்த அந்தக் கணத்தில் பயிற்சியாளர் ஒரு சின்ன விசிலை ஊதுகிறார். மீன் பின்னால்தான் வரும். குதித்து முடித்துத் திரும்பி வந்தபின் மீனைக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தார்கள் என்று டால்பினுக்குக் குழம்பும், "இதுதான், இந்தக் கணம்தான்" என்று விசில் குத்திக் காட்டிவிடுகிறது. தவறாகச் செய்தால் தண்டனை இல்லை, ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். வாலைத் திருப்பிப் பலகை மேல் வைத்து ரத்தம் எடுக்கக் காட்டுவது வரைக்கும் இப்படியே பழக்குகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் டால்பின் வாலை எடுத்துக்கொண்டு போய்விடும், இன்று ஒன்று அப்படியே போயிற்று, பயிற்சியாளர் சிரித்துக்கொண்டு வாளியை மூடினார்.

இங்கே செய்த இரண்டு சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு ஏதோ பிடிபட்டது.

முதலாவது டேனர் என்ற ஆண் டால்பின். அதன் கண்ணை ரப்பர் மூடியால் மறைத்துவிட்டு, வேறொரு டால்பின் செய்வதை அப்படியே செய் என்று கேட்டார்கள் (2010). செய்தது. அசைவு தண்ணீரில் எழுப்பும் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடித்திருக்கலாம் அல்லவா, அதனால் அடுத்த சுற்றில் டால்பினுக்குப் பதில் ஒரு மனிதரைத் தண்ணீரில் இறக்கினார்கள் (2013). மனிதர் கையைக் காலை அடித்தால் எழும் சத்தம் டால்பினுடையது மாதிரி இருக்காது. டேனர் உடனே உத்தியை மாற்றியது: சும்மா கேட்பதை விட்டு, தானே டிக் டிக் என்று ஒலியை அனுப்பி எதிரொலியால் ஆளைத் துழாவிப் பார்த்து, அப்புறம் செய்தது. எப்படிச் செய் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எது போதவில்லை என்று அதுவாகத் தெரிந்துகொண்டது.

இரண்டாவது சோதனையில் டால்பின்கள் தோற்றன. இதையும் 2010-இல் ஜாக்கோலா குழுதான் வெளியிட்டது. ஒரு பொருளை டால்பின் பார்க்கும்போதே ஒரு மறைப்புக்குள் போட்டால் எங்கே என்று சரியாகக் காட்டிவிடும். ஆனால் பொருளை முதலில் ஒரு சின்னப் பாத்திரத்துக்குள் போட்டு, அந்தப் பாத்திரத்தை ஒரு மறைப்புக்குள் கொண்டுபோய்ப் பொருளை அங்கே விட்டுவிட்டு, காலிப் பாத்திரத்தைக் காட்டினால்? பொருள் எங்கே இருக்கும் என்று யோசித்துத்தான் சொல்ல முடியும். இரண்டு வயதுக் குழந்தை சொல்லிவிடும். ஆறு டால்பின்களில் ஒன்றாலும் முடியவில்லை.

டால்பின் மனிதனுக்கு அடுத்த அறிவாளி, ஐந்து வயதுக் குழந்தைக்குச் சமம் என்றெல்லாம் ஓடும் பேச்சை இது ஒரே அடியில் காலி செய்துவிடுகிறது. எந்த வயதுக் குழந்தைக்குச் சமம் என்ற கேள்வியே அபத்தம். கை இல்லாத உயிர், பாத்திரமும் பெட்டியும் இல்லாத கடலில் வாழ்வதற்கு உண்டானது, அதற்கு "உள்ளே வைத்து நகர்த்துவது" என்ற சங்கதி எங்கே பழகியிருக்கும்? ஆனால் எதிரே இன்னொருவர் என்ன செய்கிறார், எப்போது வருகிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்றால் அங்கே கெட்டிக்காரத்தனம் கொட்டுகிறது. ஜடப் பொருள்களைப் பற்றிய அறிவைவிடத் துணையைப் பற்றிய அறிவுதான் டால்பினின் பலம் என்று இன்று இரவு எனக்குத் தோன்றுகிறது. மிச்சமிருக்கும் நாள்களில் இது நிற்கிறதா பார்க்க வேண்டும்.

வியாழன், டக் கீ

பக்கத்துத் தீவுதான், மைல் 61. மதியம் வரை மழை, பெரிதாக ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் இந்தத் தீவில் முன்பு ஒன்றாக வளர்ந்த ஆலி, பெய்லி என்ற இரண்டு டால்பின்களுக்காகவே இங்கே இறங்கினேன். அப்போது இரண்டும் குட்டிகள். பிறகு ஆலி சிகாகோ பக்கத்து புரூக்ஃபீல்ட் விலங்குக்காட்சிச் சாலைக்கும், பெய்லி பெர்முடாவுக்கும் போய்விட்டன. ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கென்று ஒரு விசில் உண்டு, கிட்டத்தட்ட பெயர் மாதிரி. ஜேசன் ப்ரக் என்ற ஆராய்ச்சியாளர் ஆலியின் விசிலைப் பதிவு செய்து பெய்லிக்குப் போட்டுக் காட்டினார், இருவரும் பிரிந்து 20 வருடத்துக்கு மேல் ஆன பிறகு. பெய்லி ஒலிபெருக்கியை நெருங்கி வந்து நின்றது. முன்பின் தெரியாத டால்பின்களின் விசிலுக்கு அவை அவ்வளவாக அசைவதில்லை. 2013-இல் வந்த இந்த ஆய்வுக்கு, மனிதர் பராமரிப்பில் டால்பின்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்ததுதான் அடிப்படை. யார் யாரோடு எந்த வருடம் இருந்தது என்று பதிவேடு இருந்ததால்தான் சோதிக்கவே முடிந்தது. பிரித்ததால் கிடைத்த அறிவு இது, அதை நினைத்தால் படிக்கும்போது இருந்த சந்தோஷம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

வெள்ளி, சாலையில்

நாள் பூராவும் வண்டி, ஆர்லாண்டோ வரை. பார்க்க ஒன்றுமில்லை, அதனால் போக முடியாத ஹவாயைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஓவாஹு தீவில் சீ லைஃப் பார்க்கில் 1960-களில் கேரன் ப்ரையர் ஒரு வேடிக்கை செய்தார். மாலியா என்ற டால்பினுக்கு, இதுவரை செய்யாத எதையாவது செய்தால்தான் மீன் என்று விதி. பழைய குதி, பழைய சுழற்சி எதற்கும் விசில் கிடையாது. கொஞ்ச நாள் திணறிவிட்டு மாலியா புரிந்துகொண்டது, அப்புறம் பயிற்சியாளர்களே பார்த்திராத அசைவுகளாக வந்து விழ ஆரம்பித்தன. ஹோ என்ற இன்னொரு டால்பினிடமும் செய்து பார்த்து 1969-இல் எழுதினார்கள். குறிப்பிட்ட செயலைப் பழக்கலாம், "புதிது" என்பதையே பழக்க முடியும் என்று அதற்கு முன்னால் யார் நினைத்தார்கள்?

ஹோனலூலுவில் லூயிஸ் ஹெர்மன் நடத்திய கெவாலோ பேசின் ஆய்வகம் இன்னும் தூரம் போயிற்று. ஃபீனிக்ஸ் என்ற டால்பினுக்குக் கணினி ஒலிகளால் ஆன மொழி, அகேயகமாய் என்பதற்குக் கைச்சைகை மொழி. அகேயின் மொழியில் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம், அடுத்துப் பொருள், கடைசியில் வினை. "வளையம் – குழாய் – கொண்டுபோ" என்றால் வளையத்துக்குக் குழாயைக் கொண்டு போக வேண்டும், முதல் இரண்டையும் மாற்றினால் குழாய்க்கு வளையம். (நாம் பேசுவதும் ஏறக்குறைய இதே வரிசைதான், அதனாலோ என்னவோ அகே மேல் எனக்குத் தனிப் பாசம்.) வரிசை மாறினால் பொருள் மாறும் என்பதை அகே பிடித்துக்கொண்டது. குளத்தில் இல்லாத பொருளைப் பற்றிக் கேட்டால் "இல்லை" என்ற பலகையைப் போய் அமுக்கும். இது என் புதன்கிழமைக் கருத்துக்கு இடிக்கிறது, கண்ணெதிரே இல்லாத பொருளைப் பற்றியும் அதனால் யோசிக்க முடிகிறதே. ஆனால் கேட்டது ஒரு ஆள், பதில் சொன்னது அந்த ஆளுக்கு. அதை மறக்கக் கூடாது.

சனி, எப்காட்

ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் ஒரு பூங்கா இது. கூட்டம் பயங்கரம், அதை விடுங்கள். இங்கே இருக்கும் கடல் அரங்கம் 1986-இல் திறந்தது, சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீர். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் நானும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன்.

பாப், டோபி என்ற இரண்டு டால்பின்கள் 90-களில் இங்கே இருந்தன. மார்க் ஸிட்கோ, ஜான் கோரி, அப்புறம் கீ லார்கோவில் பார்த்த அதே குசாய். இவர்கள் செய்த ஒரு சோதனையில், எடைக்கட்டிகளைப் பொறுக்கி வந்து ஒரு பெட்டிக்குள் போட்டால் மீன் கிடைக்கும். முக்குளிப்பவர் செய்து காட்டியதைப் பார்த்து இரண்டும் கற்றுக்கொண்டன. கட்டிகள் பக்கத்தில் கிடந்தவரை ஒவ்வொன்றாக எடுத்து வந்தன. கட்டிகளைத் தூரமாக வைத்ததும், ஒரே நடையில் பல கட்டிகளை வாயில் சேர்த்துக்கொண்டு வந்தன. இதை யாரும் செய்து காட்டவில்லை. பொருளை வைத்துத் திட்டம் போட டால்பினால் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது, என் கருத்து இன்று இன்னொரு அடி வாங்கியது.

ஆனால் அதே பாப்பும் டோபியும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒன்றைச் செய்தன, அது 2001-இல் வெளிவந்தது. மூடிய ஜாடியில் மீன் இருக்கும், திறக்க மனிதக் கை வேண்டும். டால்பின் ஜாடிக்கு நேராக உடம்பை நிறுத்தி அசையாமல் நிற்கும், தலையைத் திருப்பி முக்குளிப்பவரைப் பார்க்கும், மறுபடி ஜாடி. கை இல்லாத உயிர் உடம்பாலேயே சுட்டிக்காட்டுகிறது. நமக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான் என்று தள்ளிவிடலாம். அதனால் 2004-இல் அடுத்த கட்டுரை: முக்குளிப்பவர் முகம் காட்டி நிற்கும்போது சுட்டுவது அதிகம், முதுகைக் காட்டினாலோ விலகிப் போனாலோ குறைவு. பார்க்க ஆள் இருந்தால்தான் காட்டுவதில் அர்த்தம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்ற ஒரு மணி நேரத்தில் ஒரு டால்பின் மூன்று தடவை கடந்து போனது, ஒரு தடவைகூட என்னைப் பொருட்படுத்தவில்லை. நியாயம்தான், என்னிடம் ஜாடி திறக்கும் கை இல்லை.

ஞாயிறு, சரசோட்டா

கடைசியாகத் திறந்த கடல். சரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் காட்டு டால்பின்களை முதுகுத்துடுப்பு அடையாளம் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள், காட்டு டால்பின்களைப் பற்றி உலகிலேயே நீண்ட காலமாக நடக்கும் ஆய்வு இது. உடல் பரிசோதனைக்காகக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தபோது பதிவு செய்த விசில்களிலிருந்து, தாயும் குட்டியும், கூட்டாளி ஆண்களும் பிரிந்திருக்கும்போது ஒருவர் விசிலை மற்றவர் அப்படியே அடித்துக் காட்டுவதைக் கண்டுபிடித்தார்கள். ஆக, குளத்தில் பார்த்த துணை பற்றிய அக்கறை வேலிக்குள் வந்த பழக்கம் இல்லை.

வேலி போடலாமா கூடாதா என்று இந்த வாரம் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். கடல்நீர்க் குளம் எனக்குச் சகிக்க முடிந்தது, கண்ணாடித் தொட்டி முடியவில்லை. பொத்தான் சோதனையைத் திறந்த கடலில் செய்ய முடியாது என்பதும் உண்மை, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்ட பிறகு இன்னும் எத்தனை டால்பினை அதற்காக வைத்திருக்க வேண்டும் என்பதும் நியாயமான கேள்வி. புதிதாகக் கடலில் பிடிக்கவே கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாலையில் தெற்கே நோக்கோமிஸ் வரை போனேன், ஆல்பீ சாலைப் பாலம். இங்கே பெகர் என்று பெயர் வாங்கிய ஒரு காட்டு டால்பின் வருடக்கணக்கில் படகுகளிடம் வந்து தலையை நீட்டி வாயைத் திறக்கும், ஆட்கள் இறால், கணவாய், கையில் கிடைத்த எதையும் போடுவார்கள். கடல் பாலூட்டிகளுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், இருந்தும் போடுவார்கள். அது கற்றுக்கொண்டது மைல் 59-இல் கற்றுக்கொள்வதைப் போன்றதுதான்: மனிதன் எதற்கு மசிவான், எப்போது கையை நீட்டுவான். 2012 செப்டம்பரில் செத்துக் கிடந்தது. வயிற்றில் தூண்டில் முட்களும் தூண்டில் இழையும், கணவாயின் அலகுகளும் இருந்தன. அந்தப் பக்கத்து டால்பின்கள் வழக்கமாகக் கணவாய் தின்பதில்லை, தூண்டில் இரையாகப் படகுக்காரர்கள் வைத்திருந்ததுதான் உள்ளே போயிருக்கிறது. கிராஸி கீயில் வாளியை மூட ஒரு ஆள் இருந்தார். இங்கே படகுக்குப் படகு ஆள் மாறியதால், ஏற்கெனவே எவ்வளவு போட்டாயிற்று என்று யாருக்கும் கணக்கு இல்லை.